சேலம் சீமையில் பாடம் படித்த மன்றோ துரை

சென்னைத் தீவுத்திடல் பக்கம் குதிரை மேல் அமர்ந்த சிலை ஒன்று உண்டு. கால் வைக்க அங்கவடி இல்லாத சிலை! அதில் இருப்பவர் சர் தாமஸ் மன்றோ. அவர் உழவரைப் பற்றிப் பாடம் படித்தது நம் சேலம் சீமையில்தான்.

மன்றோ 1761-ல் ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகரில் பிறந்தார். தகப்பனாரின் வியாபாரம் நொடித்தது. பிள்ளை கம்பெனிப் படையில் சேர்ந்து, 1780-ல் சென்னை வந்தார்.

பாராமகால்

1792-ல் திப்பு சுல்தான் பாராமகாலையும் சேலத்தையும் கம்பெனிக்கு விட்டுக்கொடுத்தார். நிர்வாகம் காப்டன் ரீடு கைக்கு வந்தது. அவருடைய உதவியாளர்களில் ஒருவர் மன்றோ. தருமபுரியில் தங்கினார்.

வயலுக்கு வயல் மண் வேறு. ஏரி ஒரு வருஷம் நிரம்பும். மறு வருஷம் வற்றும். ஓர் உழவனின் மாடு செத்தால் உழவு பிந்தும். விளைச்சல் குறையும். வரி பாக்கி விழும். குடும்பமே ஊரை விட்டுப் போகும்!

சிறு பிசகு பெரிதாய் வளரும் இந்த விந்தையை, 1963-ல் அமெரிக்க வானிலை அறிஞர் லோரன்ஸ் கணக்குப் போட்டுக் காட்டினார். தொடக்கத்தில் இம்மி மாறினாலும் முடிவு மலையளவு மாறிவிடும்.

மன்றோ அந்தக் கணக்கை அறியார். ஆனால் உழவரை அறிவார்.

திருத்திக்கொண்டார்கள்

முதலில் பல வருஷத்துக்குச் சேர்த்துக் குத்தகை பேசவே ரீடு எண்ணினார். நிலத்தை வயல் வயலாக அளந்தபோது நிலைமை விளங்கியது. 1796-ல் வழியை மாற்றினார். உழவன் வருஷந்தோறும் விரும்பிய நிலத்தை வைத்துக்கொள்ளலாம், வேண்டாததை விட்டுவிடலாம். மன்றோ இதை முழு மனதாக ஆதரித்தார். இதுவே ரயத்துவாரி.

1799-ல் இருவரும் சேலம் சீமையை விட்டுப் போனார்கள். கம்பெனி பாடத்தை மறந்தது. சில வருஷங்களில் ஜில்லாவை மிட்டாக்களாகப் பிரித்து ஏலம் விட்டது. என்றும் மாறாத வரி! மழை பொய்த்தாலும் தள்ளுபடி இல்லை. மிட்டாதாரர் பலர் பாக்கிப்பட்டு மிட்டாவை இழந்தனர்.

கவர்னர்

1820-ல் மன்றோ சென்னை கவர்னரானார். ரயத்துவாரி மாகாணமெங்கும் பரவியது. அதிலும் வரி கனமாகவே இருந்தது, உழவர் கடன்பட்டனர். கடப்பை, பெல்லாரிப் பக்கம் தாமே விதித்த வரி அதிகம் என்று 1807-லேயே உணர்ந்து, கால் பங்கு குறைக்கச் சிபாரிசு செய்தவர் மன்றோ. மேலிடம் உடனே இணங்கவில்லை.

1827 ஜூலை 6-ந் தேதி, சுற்றுப்பயணத்தில் பத்திகொண்டா என்ற ஊரில் காலரா கண்டு மாண்டார்.

தப்பை ஒப்புக்கொள்ளும் சர்க்கார் கற்றுக்கொள்ளும். ஒப்புக்கொள்ளாவிட்டால்? அந்தத் தப்புக்கு உழவன் வீட்டு அடுப்பு அணையும்!