கரும் பியரின் முன்னோடி ஆதர் கின்னஸ்

ஐரோப்பிய நகரங்களின் மதுச்சாலைகளிலும் உணவகங்களிலும் பணிபுரியும் நம்மவர் பலர், வெண்ணுரை மிதக்கும் கரிய பியரைக் கிண்ணத்தில் வார்த்துக் கொடுத்திருப்பர். அவற்றுள் ஒன்று போர்ட்டர் எனவும் மற்றொன்று ஸ்டௌட் எனவும் அழைக்கப்படுவதன் காரணத்தை அறிய விரும்புவோர், அயர்லாந்து நாட்டு ஆதர் கின்னஸின் வாழ்க்கையை அறிந்துகொள்ளுதல் நலம்.

கில்டேர் மாவட்டத்தில் 1725 ஆம் ஆண்டளவில் பிறந்த ஆதர், செல்வந்தரின் மகனல்லர். அவரது தந்தை ரிச்சர்ட், ஆதர் பிரைஸ் என்ற மதகுருவின் காணிகளை மேற்பார்வை செய்து வாழ்ந்தவர். பின்னாளில் பேராயராக உயர்ந்த பிரைஸ் 1752 இல் காலமானபோது, தந்தைக்கும் மகனுக்கும் தலா 100 பவுண் எழுதிவைத்திருந்தார். சில ஆண்டுகளில் லீக்ஸ்லிப் என்ற சிற்றூரில் ஆதர் பியர் வடிசாலையொன்றைத் தொடங்கினார்.

பின்னர் அதனைத் தம்பியிடம் ஒப்படைத்துவிட்டு டப்ளின் நகரை அடைந்தார். அங்கு சென் ஜேம்ஸ் கேற் பகுதியில் செயலற்றுக் கிடந்த வடிசாலையை, 1759 டிசம்பர் 31 அன்று, ஆண்டுக்கு 45 பவுண் வீதம் 9000 ஆண்டுகளுக்குக் குத்தகைக்கு எடுத்தார். 1761 இல் ஒலிவியா விட்மோரை மணந்தார். பிறந்த 21 பிள்ளைகளுள் பத்துப் பேரே வளர்ந்து ஆளாயினர்.

தொழிலும் எளிதாக அமையவில்லை. உரிமைக்கு மேலாக நீர் எடுப்பதாகக் குற்றஞ்சாட்டிய நகரசபை, 1775 இல் நீர்வழியை அடைக்க ஆட்களை அனுப்பியது. ஆதர் பிக்கானைக் கையிலெடுத்து அவர்களைத் தடுத்தார். நீண்ட வழக்கின் பின் 1784 இல் இணக்கம் ஏற்பட்டது.

அக்காலத்தில் இலண்டனிலிருந்து வந்த போர்ட்டர், டப்ளின் வடிசாலைகளை நலிவுறச் செய்துகொண்டிருந்தது. வறுபட்டுப் பழுப்பேறிய மால்ட்டில் வடித்த இப்பானத்தை, நம் நாட்டில் நாட்டாமைகள் எனப்படும் சுமை தூக்குவோர் விரும்பிப் பருகியதாலேயே அப்பெயர் வந்தது. 1770களில் ஆதர் தாமும் போர்ட்டர் வடிக்கத் தொடங்கினார். ஏல் வகையை 1799 இல் முற்றாகக் கைவிட்டார்.

ஸ்டௌட் என்பது தொடக்கத்தில் தனியொரு பானமன்று. வலிமை என்ற பொருளில், செறிவு மிகுந்த போர்ட்டருக்கு இடப்பட்ட அடைமொழியே அது. காலப்போக்கில் பெயர் மறைய, அடைமொழியே பெயராயிற்று. இன்று பொதுவாக, வறுத்த வாற்கோதுமை சேர்ந்து கோப்பி போன்ற கசப்புடையது ஸ்டௌட். சற்று மென்மையாகச் சொக்கிளேற் சுவை காட்டுவது போர்ட்டர். எனினும் இவ்வெல்லை உறுதியானதன்று. நாலு வீதமளவு மதுசாரமே கொண்ட ஸ்டௌட்டும் உண்டு. அதனிலும் வலிய போர்ட்டரும் உண்டு.

பியருக்கு இன்றைய கருநிறத்தைத் தந்த மால்ட் வறுக்கும் முறைக்கு டானியல் வீலர் 1817 இலேயே காப்புரிமை பெற்றார். ஆதரோ 1803 ஜனவரி 23 அன்று மறைந்துவிட்டார். தம் பெயரால் உலகறிந்த அந்தக் கரிய ஸ்டௌட்டை அவர் கண்டதில்லை. 9000 ஆண்டுக் குத்தகையும் பிற்காலத்தில் நிறுவனம் அந்நிலத்தை விலைக்கு வாங்கியதோடு முடிவுற்றது. ஆயினும், பிறர் காணியைப் பராமரித்தவரின் மகன் டப்ளினில் ஊன்றிய தொழில், இரண்டரை நூற்றாண்டு கடந்தும் அதே இடத்தில் நிலைத்திருக்கிறது.