பத்ரோசினியோ பரேலா

பத்ரோசினியோ பரேலா (ஏறத்தாழ 1900 – 1964) ஐக்கிய அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலத்தில் வாழ்ந்த மரச்சிற்பி ஆவார். எசுப்பானியக் குடியேற்றக் காலத்தில் வேரூன்றிய புனிதர் சுரூபக் கலையிலிருந்து தோன்றி, தமக்கெனத் தனி நடை ஒன்றை வகுத்துக்கொண்டவர்.

சுரூபக் கலை

எசுப்பானியர் ஆட்சியில் நியூ மெக்சிகோ, மெக்சிகோ நகரிலிருந்து மிகத் தொலைவில் இருந்த எல்லைப்புறமாகும். கோவில்களுக்கும் வீடுகளுக்கும் வேண்டிய புனிதர் உருவங்களை உள்ளூர்க் கைவினைஞரே செய்தனர். இவர்கள் சான்டேரோ எனப்பட்டனர். காட்டன்வுட் மரத்தின் வேரில் உடலைச் செதுக்கி, கைகளைத் தனியே செய்து பொருத்தி, மேலே சுண்ணச்சாந்து போன்ற வெண்பூச்சு இட்டு வண்ணம் தீட்டுவர். முழுவடிவச் சுரூபம் புல்ட்டோ எனப்படும். 1880-இல் தொடர்வண்டிப் பாதை வந்தபின், ஆலைகளில் வார்த்த மலிவான சுரூபங்கள் பரவி இக்கலையை நலிவடையச் செய்தன.

வாழ்க்கை

பரேலா அரிசோனாவின் பிசுபி என்னும் சுரங்க நகரில் பிறந்தார். சிறுவயதிலேயே வீட்டைவிட்டு வெளியேறி, பண்ணைகளிலும் சுரங்கங்களிலும் தொடர்வண்டிப் பாதைகளிலும் கூலி வேலை செய்தார். எழுதப் படிக்கக் கற்கவில்லை. பின்னர் தாவோசு ஊரை அடுத்த கன்யோனில் குடும்பத்துடன் குடியேறினார்.

1931-இல் பழைய சுரூபம் ஒன்றைச் செப்பனிடும் வேலை இவரிடம் வந்தது. அது பல துண்டுகளை ஒட்டிச் செய்யப்பட்டிருந்ததைக் கண்ட இவர், ஒரே கட்டையில் முழு உருவத்தையும் செதுக்க முனைந்தார். இவருடைய நடை முழுவதும் இம்முடிவிலிருந்தே பிறந்தது எனலாம். தனியே கைகள் பொருத்தப்படாததால், உருவங்களின் உறுப்புகள் உடலோடு ஒடுங்கி, மரத்தின் வளைவையே பின்பற்றுகின்றன. வெண்பூச்சும் வண்ணமும் இல்லாததால் சூனிப்பர் மரத்தின் வரிகள் வெளிப்படையாகத் தெரிகின்றன. புனிதர்கள் மட்டுமன்றி, தாய்மை, குடும்பத் துயர், முதுமை ஆகியனவும் இவருக்குப் பொருளாயின. எனவே இவரை நாட்டுப்புறக் கலைஞர் என்று மட்டும் வகைப்படுத்துவது பொருந்தாது.

பெரும் பொருளாதார மந்தத்தின்போது அரசின் துயர்துடைப்புத் திட்டத்தில் குதிரை வண்டி ஓட்டிவந்த இவர், பின்னர் கூட்டரசுக் கலைத் திட்டத்தில் சிற்பியாகச் சேர்க்கப்பட்டார். 1936-இல் நியூயார்க் நவீன கலை அருங்காட்சியகம் அத்திட்டக் கலைஞர்களின் படைப்புகளைக் காட்சிக்கு வைத்தபோது, பரேலாவின் சிற்பங்கள் பெரும் கவனம் பெற்றன. டைம் இதழும் இவரைப் பாராட்டியது.

இப்புகழ் இவருடைய வறுமையைப் போக்கவில்லை. 1943-இல் அத்திட்டம் முடிவடைந்தது. பரேலா மீண்டும் கூலி வேலைக்கே திரும்பினார். செதுக்குவதை விடவில்லை, ஆனால் சிற்பங்களை மிகக் குறைந்த விலைக்கு விற்றார், குடிப்பழக்கத்துக்கும் ஆளானார். 1964-இல் தமது பட்டறையில் ஏற்பட்ட தீ விபத்தில் உயிரிழந்தார். இவருடைய படைப்புகள் தாவோசிலுள்ள ஆர்வுட் கலை அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகின்றன.