முப்பட்டகமும் மிருதங்கமும்: அறிஞர் சி. வி. இராமன்

நம் வட்டாரக் கல்லூரிகளின் இயற்பியல் ஆய்வுக்கூடங்களில் நிறமாலைமானியும் கண்ணாடி முப்பட்டகமும் தவறாமல் காணப்படும். மாணவர்கள் முப்பட்டகத்தின் கோணத்தை அளக்கின்றனர். அளவீடுகளைப் பதிவேட்டில் எழுதுகின்றனர். சென்ற ஆண்டு மாணவரின் பதிவேட்டைப் பார்த்து விடையைச் சரிசெய்து கொள்வோரும் உண்டென்பதை நாம் அறியாதவர்கள் அல்லர். இதே வகைக் கருவியில் இதே அளவீட்டைச் செய்துகொண்டிருந்தபோதுதான், சென்னை மாநிலக் கல்லூரியின் மாணவர் ஒருவர் பாடநூலில் இல்லாத ஒன்றைக் கண்டார். முப்பட்டகத்தின் முகத்தில் மிகச் சாய்வாகப் பட்டுத் திரும்பிய ஒளி, பட்டை பட்டையாகப் பிரிந்து தெரிந்தது. பட்டைகள் இருபுறமும் ஒத்திருக்கவில்லை. ஏன் என்று அவர் கேட்டார். அம்மாணவரே சந்திரசேகர வேங்கட இராமன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7ஆம் நாள் இராமன் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் கணிதமும் இயற்பியலும் கற்பித்த ஆசிரியர். வயலின் வாசிக்கவும் வல்லவர். விசாகப்பட்டினத்துக் கல்லூரியில் அவருக்குப் பணி கிடைத்ததால் இராமனின் இளமை அங்கேயே கழிந்தது. நோயுற்றிருந்த ஓர் இரவு, லெய்டன் சாடி வேலை செய்யும் விதத்தைத் தந்தை செய்து காட்டினாலன்றி உறங்கேன் என்று சிறுவன் அடம்பிடித்ததாக அவருடைய வரலாற்றை எழுதியோர் கூறுவர். லெய்டன் சாடி என்பது உள்ளும் புறமும் உலோகத் தகடு ஒட்டிய கண்ணாடிக் குடுவை. உராய்வினால் பிறக்கும் நிலைமின்சாரத்தை அது தேக்கி வைக்கும். இரு தகடுகளையும் கம்பியால் நெருங்கச் செய்தால் தீப்பொறி பாயும். உலர்ந்த தலைமுடியில் தேய்த்த சீப்பு காகிதத் துணுக்கை இழுக்கின்றதே, அதே மின்சாரம்தான் இதுவும். மழைக்காலத்தில் வகுப்பில் இதைச் செய்து காட்டி வெட்கப்பட்ட ஆசிரியர்கள் நம்மிடையே உண்டு. ஈரம் மின்னூட்டத்தைக் கசியவிட்டுவிடும். வேலூர் வெயில் வேறு எதற்குப் பயன்படாவிட்டாலும் இச்சோதனைக்கு நன்கு பயன்படும்.

1904இல் இளங்கலைத் தேர்வில் முதன்மை பெற்றுத் தங்கப் பதக்கமும் அடைந்தார் இராமன். முப்பட்டகத்தில் கண்டதைக் கட்டுரையாக்கி இலண்டனில் வெளிவந்த 'பிலசாபிகல் மேகசின்' இதழுக்கு அனுப்பினார். 1906 நவம்பரில் அது அச்சேறியது. அப்போது அவருக்கு வயது 18. ஒளி அலையாகச் செல்வதாலேயே தடையின் விளிம்பில் வளைந்து, தன்னோடு தானே கலந்து, ஒளிப்பட்டையும் இருட்பட்டையுமாய்ப் பிரிகின்றது. இது முன்னரே அறியப்பட்டிருந்த உண்மைதான். சாய்கோணத்தில் அப்பட்டைகள் ஏன் சமச்சீர் இழக்கின்றன என்பதை அம்மாணவர் ஆராய்ந்தார்.

ஒளியைப் பற்றிப் பேசுமிடத்து பஸ்ராவில் பிறந்து கெய்ரோவில் வாழ்ந்த இப்னு அல்-ஹைதமை நாம் நினையாதிருக்க இயலாது. கண்ணிலிருந்து கதிர் புறப்பட்டுப் பொருளைத் தொடுகின்றது என்ற பழைய கொள்கையை மறுத்து, பொருளிலிருந்து வரும் ஒளி கண்ணில் நுழைவதாலேயே காண்கிறோம் என்று ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவியவர் அவர். 'கிதாபுல் மனாஸிர்' என்னும் அவருடைய நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு ஐரோப்பியருக்கும் பாடமாயிற்று. முன்னோர் பெருமை பேசுவதில் நம் மேடைகள் குறை வைப்பதில்லை. ஆனால் அவரைப் போல் அறையை இருளாக்கி, துளை வழியே விழும் ஒளியை நம் மாணவருள் எத்தனை பேர் பார்த்திருக்கின்றனர்?

உடல்நலம் இடம் தராது என்று மருத்துவர் கூறியதால் இராமன் மேற்படிப்புக்கு இங்கிலாந்து செல்லவில்லை. நிதித்துறைத் தேர்வில் முதலிடம் பெற்று 1907இல் கல்கத்தாவில் அரசு அலுவலரானார். அலுவலக நேரத்துக்கு முன்னும் பின்னும், மகேந்திரலால் சர்க்கார் 1876இல் நிறுவிய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தில் ஆய்வு செய்தார். 1917இல் நல்ல ஊதியம் தந்த அப்பதவியைத் துறந்து, குறைந்த ஊதியத்தில் கல்கத்தாப் பல்கலைக்கழகப் பேராசிரியர் பணியை ஏற்றார்.

அவர் இசைக்கருவிகளை ஆராய்ந்தது தோலோடு வாழும் நம் ஊர்களுக்குச் சிறப்பாக உரியது. வெறுமனே இழுத்துக் கட்டிய தோல், தட்டினால் இசையொழுங்கற்ற அதிர்வுகளையே தரும். பெரும்பாலான முரசங்களின் ஒலி அத்தகையதே. ஆனால் மிருதங்கத்தின் வலந்தலையில் நடுவே பூசப்படும் கருஞ்சோறு, தோலின் எடையைப் பகிர்ந்தமைத்து, நரம்புக் கருவிகளைப் போல் ஒத்திசைவான மேற்சுரங்களைத் தரச் செய்கின்றது. தபலாவிலும் இதே நுட்பம் உண்டு. 1920இல் இதை இராமன் 'நேச்சர்' இதழில் உலகுக்கு அறிவித்தார். பின்னர் தோலின்மேல் நுண்மணலைத் தூவி, அதிராத கோடுகளில் மணல் ஒதுங்குவதைக் கொண்டு அதிர்வின் வடிவங்களைக் கண்டார். பெயரறியாத கைவினைஞர் காதால் அறிந்து செய்ததை அவர் கணக்கால் மெய்ப்பித்தார். ஆம்பூரிலும் பேர்ணாம்பட்டிலும் பதனிடும் தொழிலில் தந்தையை இழுத்துக்கொண்ட தோல், மகனுக்கு இயற்பியல் பாடமாகவும் அமையும் என்பதை எந்தப் பாடநூலும் இதுவரை நம் மாணவருக்குச் சொல்லியதாகத் தெரியவில்லை.

1921இல் இங்கிலாந்திலிருந்து கப்பலில் திரும்புகையில் மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. வானின் நீலத்தையே கடல் காட்டுகிறது என்ற விளக்கத்தில் அவர் மனம் நிறைவடையவில்லை. நிக்கல் பட்டகம் ஒன்றால் மேற்பரப்பின் எதிரொளிப்பை நீக்கிப் பார்த்தார், நீலம் குறையவில்லை. நீரின் மூலக்கூறுகளே ஒளியைச் சிதறடிக்கின்றன என்று துணிந்தார். அன்று தொடங்கிய தேடல் ஏழாண்டுகள் நீண்டது. விருதுநகர் மாவட்டத்து வத்திராயிருப்பினரான கே. எஸ். கிருஷ்ணன் உடன் உழைத்தார். ஊதா வடிகட்டி வழியே ஒளியைத் திரவத்தில் செலுத்தி, சிதறிய ஒளியை அதற்கு எதிரான நிற வடிகட்டியால் நோக்கினர். ஒன்றும் தெரியக்கூடாத இடத்தில் மங்கிய ஒளித்தடம் தெரிந்தது. சிதறிய ஒளியில் மிகச் சிறு பங்கு, மூலக்கூறுடன் ஆற்றலைப் பரிமாறி நிறம் மாறியிருந்தது. 1928 பிப்ரவரி 28 அன்று நிகழ்ந்த இக்கண்டுபிடிப்புக்கு 1930இல் நோபல் பரிசு கிடைத்தது. பயன்பட்ட கருவிகளின் மதிப்போ சில நூறு ரூபாய்தான். இன்று தோலின் புரதமாகிய கொல்லாஜனை ஆராய்வோரும் இராமன் நிறமாலையைக் கையாளுகின்றனர்.

1933இல் அவர் பெங்களூர் இந்திய அறிவியல் நிறுவனத்தின் இயக்குநரானார். அவ்வாண்டிலேயே கமலா சோஹோனி என்னும் மாணவியைப் பெண் என்பதால் சேர்க்க மறுத்தார் என்பதையும் மறைக்காமல் சொல்லவேண்டும். அவர் விடாது போராடியபின், நிபந்தனைகளுடன் இடம் தந்தார். கமலாவின் உழைப்பைக் கண்டு மனம் மாறினார். பின்னாளில் அன்னா மணி முதலிய பெண்கள் அவரிடமே ஆய்வு செய்தனர். மேதையும் தவறுவார். பெண்ணுக்கு ஆய்வுக்கூடம் எதற்கு என்று இன்றும் கேட்கும் வீடுகள் இவ்வட்டாரத்தில் உண்டு. மகள்களின் மேற்படிப்பை நிறுத்த எண்ணும் பெரியவர்கள் இப்பகுதியை இருமுறை படிக்குமாறு வேண்டுகிறோம்.

1948இல் தம் பெயரிலான ஆய்வு நிறுவனத்தைப் பெங்களூரிலேயே தொடங்கினார்; 1954இல் பாரத ரத்னா விருது பெற்றார். சென்னைக்கும் பெங்களூருக்கும் இடையிலான இருப்புப்பாதை காட்பாடி, ஆம்பூர், வாணியம்பாடி வழியே செல்வதால், அவர் நம் பாலாற்றங்கரையைப் பன்முறை கடந்திருக்க வேண்டும். ஆண்டுதோறும் காந்தியடிகள் பிறந்தநாளில் தம் நிறுவனத்தில் அவர் சொற்பொழிவாற்றுவார். 1970இல் ஆற்றிய இறுதிச் சொற்பொழிவில் மனிதன் ஒலியைக் கேட்பது எவ்வாறு என்பதை எடுத்துக்கொண்டார். அவ்வாண்டு நவம்பர் 21ஆம் நாள் மறைந்தார். சடங்கு எதுவும் வேண்டாம் என்ற அவர் விருப்பப்படி நிறுவனத் தோட்டத்திலேயே உடல் எரியூட்டப்பட்டது. அவ்விடத்தில் நினைவு மண்டபம் எழுப்பவில்லை. ஒரு மரத்தை நட்டனர்.