பீரங்கி தோற்றது, வயல் வென்றது

விழுப்புரம் சந்திப்பில் வந்து நிற்கும் மின்சார ரயில் தனக்கான எரிபொருளைச் சுமந்து வருவதில்லை. தலைக்கு மேலுள்ள கம்பியிலிருந்து ஆற்றலைப் பெற்று ஓடுகிறது. விண்ணுக்குச் செல்லும் ராக்கெட்டோ தன் எடையில் பெரும்பகுதியை எரிபொருளாகவே சுமக்கிறது. அச்சுமையைத் தரையில் விட்டுவிட்டு, சரக்கை மட்டும் மின்காந்த விசையால் விண்ணில் எறிய முடியுமா? இக்கேள்விக்கு அடிப்படையான கருவியை 1901ஆம் ஆண்டிலேயே செய்து பார்த்தவர் நார்வே நாட்டு இயற்பியல் பேராசிரியர் கிறிஸ்டியன் பிர்க்லாந்து.

இவர் 1867 டிசம்பர் 13 அன்று, இன்று ஆஸ்லோ எனப்படும் நகரில் பிறந்தார். இளமையிலேயே பேராசிரியரானார். வடதுருவ வானில் தோன்றும் வண்ண ஒளியின் காரணத்தை அறிவதே இவரது வாழ்நாள் வேட்கை. பனி மலை உச்சியில் கடுங்குளிரில் தங்கி ஆராய்ந்தார். காற்று நீக்கிய பெட்டிக்குள் காந்தமூட்டிய ஒரு சிறு கோளத்தை வைத்து, அதன் துருவங்களில் அவ்வொளியைச் செயற்கையாகத் தோற்றுவித்தும் காட்டினார். ஆனால் ஆய்வுக்குப் பணம் வேண்டுமே! அதற்காகவே பீரங்கியின் பக்கம் திரும்பினார்.

அப்பீரங்கியில் வெடிமருந்து இல்லை, புகையும் இல்லை. குழலைச் சுற்றி வரிசையாகக் கம்பிச்சுருள்கள். மின்னோட்டம் பாய்ந்ததும் முதற்சுருள் இரும்புக் குண்டை உள்ளிழுக்கும். குண்டு நடுவை அடைந்ததும் அச்சுருளில் மின்னோட்டம் நின்று, அடுத்த சுருள் இழுக்கும். இவ்வாறு வேகம் படிப்படியாக ஏறும். முதற்பீரங்கி அரைக் கிலோ குண்டை நொடிக்குச் சுமார் 50 மீட்டர் வேகத்தில் எறிந்தது.

1903 பிப்ரவரி 6 அன்று, பல்கலைக்கழக மண்டபத்தில் பிரமுகர்கள் முன்னிலையில் பெரிய பீரங்கியை இயக்கினார். குறுக்குச்சுற்று ஏற்பட்டது. பேரொலியுடன் தீப்பிழம்பு சீறியது. கூட்டம் அஞ்சி நடுங்கியது. பீரங்கியை விற்கும் கனவு அன்றே கருகியது.

ஆனால் பிர்க்லாந்தின் உள்ளம் அந்தப் பிழம்பிலேயே நிலைத்தது. ஒரு வாரத்திற்குள் சாம் எய்டு என்ற பொறியாளரை ஒரு விருந்தில் சந்தித்தார். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து உரமாக்க, பெரிய மின்னலொன்று தேவை என்றார் எய்டு. அத்தகைய மின்னலைத்தான் பிர்க்லாந்து சில நாள்களுக்கு முன் கண்டிருந்தாரே! இருவரும் மின்வில்லைக் காந்தத்தால் வட்டமாக விரித்து, அதனூடே காற்றைச் செலுத்தினர். நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடின. நைட்ரிக் அமிலம் கிடைத்தது. அதைச் சுண்ணாம்புக் கல்லுடன் சேர்க்க, கால்சியம் நைட்ரேட் உரம் பிறந்தது. 1905இல் நார்ஸ்க் ஹைட்ரோ நிறுவனம் தோன்றியது. மின்சாரத்தை மிகுதியாக விழுங்கிய இம்முறையைப் பின்னர் ஹேபர் முறை வென்றுவிட்டது. ஆயினும், திண்டிவனம் பக்கத்து நெல் வயலில் இன்று தூவப்படும் யூரியாவுக்கும் மூலம் காற்றிலுள்ள நைட்ரஜனே. அந்தப் பாதையில் தொழிலளவில் முன்நடந்தவர்களுள் இவரும் ஒருவர்.

இவருடைய இறுதி நாள்கள் இன்பமாக இல்லை. உறக்கமின்மையால் துன்புற்று, உறக்க மருந்துக்கு ஆட்பட்டார். 1917 ஜூன் 15 அன்று, டோக்கியோவில் ஒரு விடுதி அறையில் தனிமையில் இறந்தார். வயது 49. நோபல் பரிசுக்குப் பலமுறை முன்மொழியப்பட்டும் அது கிட்டவில்லை. துருவ ஒளிக்குக் காரணமென இவர் கூறிய மின்னோட்டங்களைப் பலர் ஏற்கவில்லை. 1960களுக்குப் பின் செயற்கைக்கோள்கள் அவற்றை உறுதி செய்தன.

பீரங்கியும் மறையவில்லை. 1970களில் அமெரிக்கப் பேராசிரியர் ஜெரார்டு ஓ'நீல், நிலவின் மண்ணை மின்காந்தப் பாதையால் விண்ணில் எறியத் திட்டமிட்டு, மாதிரியும் செய்து காட்டினார். பூமியை விட்டு விடுபட நொடிக்கு 11.2 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அவ்வேகத்தில் நம் காற்றே பொருளை எரித்துவிடும். காற்றில்லாத நிலவில் 2.4 கிலோமீட்டர் போதும். ஒரு கிலோமீட்டர் நீளப் பாதையில் இவ்வேகத்தை எட்டினால், புவியீர்ப்பைப் போல் ஏறத்தாழ 290 மடங்கு விசை தாக்கும். மனிதன் தாங்கமாட்டான், கல்லும் மண்ணும் தாங்கும். விண்வெளிச் சரக்குப் பாதை இன்னும் கனவுதான். ஆனால் 2017இல் பணியில் சேர்ந்த அமெரிக்காவின் ஜெரால்டு ஃபோர்டு கப்பலிலிருந்து விமானங்களை எறிவது மின்காந்த விசையே.

மாணவ நண்பர்களே! ஆய்வுக்கூடத்தில் எதிர்பாராத தீப்பொறி பறந்தால் விசையை உடனே அணைப்போம், அது தேவையே. ஆனால் அது ஏன் பறந்தது என்று குறிப்பேட்டில் ஒரு வரி எழுதிவிட்டு வெளியேறுவோம். பிர்க்லாந்து செய்தது அவ்வளவுதான்.