கேமராவைத் தானே கட்டிய காட்டு மனுஷர்

எங்க ஊர் அதியமான்கோட்டை. பென்னாகரம் பக்கம் யானை இறங்கிடுச்சுன்னு சேதி வந்தா, டீக்கடையில் ஒரே சண்டைதான். யானை பெருகிடுச்சா, காடு சுருங்கிடுச்சா? நீங்களே சொல்லுங்க, ஒரு நாள் பார்த்துட்டு இதுக்குப் பதில் சொல்ல முடியுமா? அதே காட்டுக்கு வருஷக்கணக்கா திரும்பத் திரும்பப் போன ஆள் வேணும். அப்படி ஒருத்தர் நம்ம தமிழ்நாட்டிலேயே இருந்தார். பேர் மா. கிருஷ்ணன்.

1912-ல் திருநெல்வேலியில் பிறந்தவர். 'பத்மாவதி சரித்திரம்' எழுதிய அ. மாதவையாவின் மகன். சென்னை மாநிலக் கல்லூரியில் தாவரவியல், அப்புறம் சட்டம். படிச்ச படிப்புக்கு வேலை அமையல (நமக்குத் தெரிஞ்ச கதைதான்!). 1942-ல் பெல்லாரி பக்கம் சண்டூர் சமஸ்தானத்துக்குப் போய் ஆசிரியர், நீதிபதின்னு பல வேலை பார்த்தார். சமஸ்தானம் இந்தியாவோட இணைஞ்சதும் சென்னை திரும்பினார். அதுக்கப்புறம் அவருக்குச் சோறு போட்டது எழுத்தும் போட்டோவும்தான்.

இப்போ நம்ம ஏரியாவுக்கு வர்றேன். அவர் கேமரா கடையில் வாங்கினது இல்லை. வெவ்வேறு கேமராக்களோட பாகங்களைச் சேர்த்து அவரே கட்டினது. அதுக்கு 'சூப்பர் பாண்டரோசா'ன்னு பேரும் வச்சார். படம் எல்லாம் கறுப்பு வெள்ளை. அதைத் தூக்கிக்கிட்டு முதுமலைக் காட்டில் நடந்தும், வளர்ப்பு யானை மேல் உட்கார்ந்தும் காட்டு யானைகளைப் பார்த்தார்.

1968-ல் நேரு ஃபெல்லோஷிப் கிடைச்சது. தீபகற்ப இந்தியாவின் பெரிய பாலூட்டிகளைப் பற்றிய அவரோட ஆய்வு, 1971 முதல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் இதழில் பகுதி பகுதியா வந்து, 1975-ல் புத்தகமாச்சு. 1959 முதல் 1970 வரை அவர் பார்த்த காடுகள் அதில் இருக்கு. டிரோன் இல்லை, ரேடியோ காலர் இல்லை. கண்ணும் நோட்டும்தான். யானை எதைத் தின்னுதுன்னு எழுதணும்னா மரத்தோட பேர் தெரியணுமே? படிச்ச தாவரவியல் அங்கே உதவிச்சு. வெளிநாட்டு மரங்களைக் கொண்டுவந்து நடுறதை அவர் அவ்வளவு எதிர்த்ததுக்கும் அதுதான் காரணம்னு எனக்குத் தோணுது.

ஒரு ஆளோட கண்ணை மட்டும் நம்பலாமான்னு நீங்க கேட்கலாம். நியாயமான கேள்வி. 1988-ல் இந்திய அறிவியல் கழகம் முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, மரத்துக்கு மரம் நம்பர் போட்டு இன்னைக்கும் கணக்கு எடுக்குது. ஆனா அதுக்கு முன்னாடி காடு எப்படி இருந்துச்சுன்னு கேட்டா, கிருஷ்ணன் மாதிரி ஆட்கள் எழுதி வச்சதைத்தான் புரட்டணும்.

'ஸ்டேட்ஸ்மன்' பத்திரிகையில் 1950-ல் இயற்கை பற்றி ஒரு பத்தி ஆரம்பிச்சார். 1996 பிப்ரவரி 18-ல் அவர் இறக்கும்வரை, 46 வருஷம், அது வந்துக்கிட்டே இருந்துச்சு.