அன்னை மீனாம்பாளை நாம் மறக்கலாமா?

பள்ளியில் படிக்கும் பிள்ளை எதைக் கேட்டாலும் ஈ.வெ.ராமசாமி என்று சொல்வதைவிடப் பெரியார் என்றே சொல்லும். அந்தப் பெயரை அவருக்குச் சூட்டியது பெண்கள் நடத்திய ஒரு மாநாடு என்பதும் பலருக்குத் தெரியும். ஆனால் அந்தப் பெண்களில் முன்வரிசையில் நின்ற ஒருவர் நம் சேரியின் மகள், ஆதி திராவிடர் சமூகத்தின் தலைவி என்பது நம் ஊர்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? அவர் அன்னை மீனாம்பாள் சிவராஜ். அவருடைய வாழ்க்கையைத்தான் இந்த வாரம் நாம் நினைவுகூர்கிறோம்.

மீனாம்பாள் பிறந்தது தமிழ்நாட்டில் அல்ல. 1904 டிசம்பர் 26ஆம் நாள் பர்மாவின் ரங்கூன் நகரில் பிறந்தார். அந்நாளில் பண்ணை அடிமைத்தனத்திலிருந்து தப்பிக்க நம் மக்கள் ஆயிரக்கணக்கில் கப்பலேறிப் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் நேட்டாலுக்கும் போனார்கள். பெரும்பாலானோர் கூலிகளாகவே இருந்து மடிந்தார்கள். சிலர் மட்டும் தொழில் செய்து மேலே வந்தார்கள். அப்படி உயர்ந்தவர் மீனாம்பாளின் தாத்தா மதுரைப் பிள்ளை. ரங்கூனில் பெரும் வணிகராக இருந்தார், கொடை வள்ளல் என்று பெயரெடுத்தார். மீனாம்பாளின் தந்தை வாசுதேவப் பிள்ளை ஆதி திராவிடர் தலைவர்களில் ஒருவர், சென்னை மாநகராட்சி உறுப்பினராக இருந்தவர். தாயார் பெயர் மீனாட்சி.

பிள்ளை என்ற பட்டத்தைப் பார்த்து வேறு சமூகம் என்று மாணவர்கள் நினைத்துவிடக் கூடாது. அக்காலத்தில் ஆதி திராவிடத் தலைவர்கள் பலரும் தங்கள் பெயரோடு பிள்ளை என்று சேர்த்து எழுதினார்கள்.

நம் பெண்களில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம் என்றிருந்த காலத்தில், மீனாம்பாள் ரங்கூனில் கல்லூரி வரை படித்தார். தமிழோடு ஆங்கிலம், இந்தி, தெலுங்கு ஆகிய மொழிகளும் அவருக்குத் தெரியும். இளம் வயதிலேயே ந.சிவராஜைத் திருமணம் செய்துகொண்டு சென்னைக்கு வந்தார். சிவராஜ் வழக்கறிஞர், சென்னை சட்டக் கல்லூரிப் பேராசிரியர், நீதிக்கட்சியின் சட்டமன்ற உறுப்பினர். பின்னாளில் சென்னை மேயராகவும் நாடாளுமன்ற உறுப்பினராகவும் இருந்தவர். வசதியான வீடு, புகழ்பெற்ற கணவர் என்று மீனாம்பாள் நிம்மதியாக இருந்திருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர் அப்படி இருக்கவில்லை.

அவர் சென்னைக்கு வந்த காலம் எப்படிப்பட்டது? ஆதி திராவிடர் என்ற பெயரை அரசு ஏற்றதே 1922இல்தான். அதற்குக் காரணம் எம்.சி.ராஜா. பொதுச் சாலையிலும் பொதுக் கிணற்றிலும் எல்லோருக்கும் உரிமை உண்டு என்ற தீர்மானம் சட்டசபையில் நிறைவேறியது 1924இல். அதைக் கொண்டுவந்தவர் இரட்டைமலை சீனிவாசன். தீர்மானம் காகிதத்தில் இருந்தது. ஊர்க் கிணற்றில் நம் பெண்கள் குடத்தை இறக்க முடியவில்லை. தலைவர்கள் எல்லோரும் ஆண்களாக இருந்த காலத்தில், கிணற்றடியில் தினமும் அவமானப்பட்டவர்கள் பெண்கள். அவர்களுக்காகப் பேசவும் ஒரு பெண் வேண்டியிருந்தது.

1928இல் மீனாம்பாள் முதன்முதலாகப் பொதுமேடை ஏறினார். சைமன் குழு இந்தியாவுக்கு வந்திருந்த நேரம் அது. அதில் இந்தியர் ஒருவர்கூட இல்லை என்பதால் காங்கிரஸ் அதைப் புறக்கணித்தது. நாடெங்கும் கறுப்புக்கொடி. ஆனால் தீண்டாமையால் வதைபட்ட மக்களின் தலைவர்கள் வேறு விதமாக நினைத்தார்கள். நம் குறையைக் கேட்க ஒரு குழு வந்திருக்கிறது, அதன் முன்னால் பேசாமல் கதவை மூடிக்கொண்டால் நமக்கான உரிமையை யார் எழுதிவைப்பார்கள் என்பது அவர்களின் கேள்வி. டாக்டர் அம்பேத்கரும் அந்தக் குழுவின் முன் சாட்சியம் அளித்தார். இருபத்து மூன்று, இருபத்து நான்கு வயதுப் பெண் ஒருவர் ஊரே எதிர்த்த ஒன்றை ஆதரித்து மேடையில் பேசுவது லேசான காரியமல்ல. தேசத்துக்கு எதிரானவர்கள் என்ற பழி வரும் என்று தெரிந்தே பேசினார்.

1937 ஜனவரி 31ஆம் நாள் திருநெல்வேலி மாவட்ட ஆதி திராவிடர் மாநாட்டுக்கு அவர் தலைமை தாங்கினார். அந்தத் தேதியை நாம் கவனிக்க வேண்டும். 1932 பூனா ஒப்பந்தத்துக்குப் பிறகு வந்த முதல் சட்டமன்றத் தேர்தல் நடக்கவிருந்த நேரம் அது. சென்னை மாகாணத்தில் 215 இடங்களில் 30 இடங்கள் நமக்கு ஒதுக்கப்பட்டிருந்தன. இடம் நமக்குக் கிடைத்தது, ஆனால் அதில் உட்காருகிறவர் நமக்காகப் பேசுவாரா, அனுப்பியவர்களுக்காகப் பேசுவாரா என்ற கவலையும் கூடவே வந்தது. அப்படிப்பட்ட நேரத்தில் மீனாம்பாள் தம் உரையில் ஒற்றுமையை வலியுறுத்தினார். குடும்பமானாலும் சமூகமானாலும் முதலில் தங்களுக்குள் ஒன்றாக நிற்காமல் முன்னேற முடியாது என்பது அவர் சொன்னதன் சாரம். உட்பிரிவு பேசி இன்றும் பிரிந்து நிற்கிற நமக்கும் அது பொருந்தும்.

அடுத்த ஆண்டு இந்தி எதிர்ப்புப் போராட்டம் மூண்டது. 1938 நவம்பர் 13ஆம் நாள் சென்னை ஒற்றைவாடை அரங்கில் தமிழ்நாட்டுப் பெண்கள் மாநாடு கூடியது. மறைமலையடிகளின் மகள் நீலாம்பிகை அம்மையார் தலைமை. மருத்துவர் தருமாம்பாள், மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் போன்றோரோடு மீனாம்பாளும் அதில் முக்கியப் பங்கு வகித்தார். ஈ.வெ.ரா.வை இனிப் பெரியார் என்றே அழைக்க வேண்டும் என்று அங்கேதான் தீர்மானமானது. மறுநாளே பெண்கள் மறியலுக்குப் போய்ச் சிறைப்பட்டார்கள், சிலர் கைக்குழந்தையோடு போனார்கள். வெவ்வேறு சமூகத்துப் பெண்கள் ஒரே மேடையில் கூடிய அந்த மாநாட்டில், நம் சமூகத்துப் பெண் ஓரத்தில் நிற்கவில்லை, முடிவெடுக்கும் இடத்தில் இருந்தார்.

பெரியாரோடு நின்ற அதே மீனாம்பாள்தான் அம்பேத்கரோடும் நின்றார். 1942இல் அம்பேத்கர் தொடங்கிய அகில இந்திய பட்டியல் வகுப்பினர் கூட்டமைப்புக்குத் தலைவர் சிவராஜ். அதன் தென்னிந்தியப் பிரிவுக்குத் தலைவரான முதல் பெண் மீனாம்பாள். அம்பேத்கர் அவரைத் தம் சகோதரியாகவே கருதி அழைத்தார். 1944 செப்டம்பரில் அம்பேத்கர் சென்னைக்கு வந்தபோது நடந்த நிகழ்ச்சிகளில் மீனாம்பாள் முன்னின்றார். 1945 மே 6ஆம் நாள் மும்பையில் கூடிய அகில இந்திய பட்டியல் வகுப்புப் பெண்கள் மாநாட்டுக்கு அவரே தலைமை தாங்கினார். மராட்டியத்துப் பெண்கள் நிறைந்த பந்தலில் தமிழ்ப் பெண் ஒருவர் தலைமை நாற்காலியில் அமர்ந்தார் என்பது நாம் பெருமையோடு பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டிய செய்தி.

மாநகராட்சி உறுப்பினர், கௌரவ நீதிபதி எனப் பல பொறுப்புகள் அவரைத் தேடி வந்தன. தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட சமூகத்தின் பெண், நீதி வழங்கும் இருக்கையில் அமர்ந்தார். அவருக்கு முன்னால் வந்து நின்றவர்களில் எல்லாச் சாதியாரும் இருந்திருப்பார்கள்.

தோல்விகளையும் அவர் பார்த்தார். 1946 தேர்தலில் கூட்டமைப்பு நாடெங்கும் பெரும் தோல்வி கண்டது. 1956இல் அம்பேத்கர் மறைந்தார். அடுத்த ஆண்டு தோன்றிய இந்தியக் குடியரசுக் கட்சிக்கு முதல் தலைவரான சிவராஜும் 1964இல் காலமானார். அதன் பிறகு 28 ஆண்டுகள் மீனாம்பாள் வாழ்ந்தார். மக்கள் அவரை அன்னை என்றே அழைத்தார்கள். 1992 நவம்பர் 30ஆம் நாள், 88 வயது நிறைவதற்குச் சில வாரங்கள் இருக்கும்போது காலமானார்.

அவர் மறைந்த அடுத்த மாதம், 1992 டிசம்பரில், பஞ்சாயத்துகளில் பெண்களுக்கும் பட்டியல் வகுப்பினருக்கும் இட ஒதுக்கீடு தரும் 73ஆவது அரசியல் சட்டத் திருத்தம் நாடாளுமன்றத்தில் நிறைவேறியது. அதனால்தான் இன்று நம் கிராமங்களில் நம் பெண்கள் ஊராட்சித் தலைவர்களாக இருக்கிறார்கள். ஆனால் நடப்பது என்ன? தலைவர் நாற்காலியில் உட்காரவிடாமல் தரையில் உட்காரவைக்கும் ஊர் இருக்கிறது. சுதந்திர தினத்தில் கொடியேற்றவிடாத ஊர் இருக்கிறது. வெளியார் தடுப்பது ஒருபுறம். தலைவியின் பெயரில் கணவரோ மைத்துனரோ அலுவலகம் போய்க் கையெழுத்துக்கு மட்டும் காகிதத்தை வீட்டுக்குக் கொண்டுவருவது மறுபுறம். இரண்டாவதற்கு நாம்தான் பொறுப்பு.

இன்னொன்றையும் நாம் ஒப்புக்கொள்ள வேண்டும். மீனாம்பாளைப் பற்றிப் பேசும்போதுகூடச் சிவராஜின் மனைவி என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். சிவராஜ் பெருந்தலைவர், அதில் சந்தேகமில்லை. ஆனால் மேடையில் பேசியது மீனாம்பாள், திருநெல்வேலியிலும் மும்பையிலும் தலைமை நாற்காலியில் அமர்ந்தது மீனாம்பாள்.

டிசம்பர் 26 வரும்போது நம் தெருவில் பெரிய விழா எடுக்க வேண்டும் என்று நாம் கேட்கவில்லை. இரவுப் பாடசாலை நடக்கும் இடத்தில், படிப்பகத்தில், அம்பேத்கர் படத்துக்குப் பக்கத்தில் அன்னை மீனாம்பாளின் படத்தையும் மாட்டுவோம். கல்லூரி மாணவிகள் அவரைப் பற்றி ஐந்து நிமிடம் பேசட்டும். அடுத்த கிராமசபைக் கூட்டத்தில் நம் பெண்கள் பின்னால் நிற்காமல் முன்வரிசையில் உட்காரட்டும். அன்னைக்கு நாம் செய்யும் மரியாதை அதுதான்.