முகப்பிலேயே பேசிய பாரதியார்

பூச்சோங்கிலோ பிரிக்பீல்ட்ஸிலோ ஒரு கடையில் விற்கும் எந்த வார இதழையும் கையில் எடுத்துப் பாருங்கள். மேலே பெரிய எழுத்தில் இதழின் பெயர் இருக்கும். நடுவில் ஒரு படம், கண்ணை இழுக்கும் நிறம், ஓரிரு வரிகள். இவற்றை முகப்பு வடிவமைப்பின் மரபுகள் என்று சொல்வார்கள். நூறு ஆண்டுகளுக்கு முன்பே இவற்றை ஒரு நாட்டின் விடுதலைக்காகப் பயன்படுத்திய ஒருவரை நாம் பெரும்பாலும் கவிஞராகவே அறிந்திருக்கிறோம். அவர்தான் மகாகவி சுப்பிரமணிய பாரதியார்.

எட்டயபுரத்தில் 1882 டிசம்பர் 11-ஆம் நாள் பிறந்த பாரதியார், 1904-இல் சென்னையில் ‘சுதேசமித்திரன்’ நாளேட்டின் துணையாசிரியரானார். அடுத்த ஆண்டு ‘சக்ரவர்த்தினி’ என்னும் மகளிர் இதழின் ஆசிரியப் பொறுப்பும் அவரிடம் வந்தது. 1906-இல் தொடங்கிய ‘இந்தியா’ வார இதழில்தான் அவருடைய துணிச்சல் முழுமையாக வெளிப்பட்டது.

புரட்சியின் அடையாளமாக அந்த இதழ் சிவப்புத் தாளில் அச்சானது. சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்ற பிரெஞ்சுப் புரட்சியின் மூன்று கொள்கைகளும் அதன் முழக்கமாயின. முகப்பில் அரசியல் கருத்துப்படங்கள் இடம்பெற்றன. தமிழ் இதழ்களுக்கு இது புதுமை. கருத்தைப் பாரதியார் சொல்ல, ஓவியர்கள் வரைந்தார்கள்.

ஏன் படம்? அக்காலத்தில் எழுதப் படிக்கத் தெரிந்தவர்கள் மிகச் சிலரே. கட்டுரையைப் படிக்க முடியாதவருக்கும் படம் புரியும். அதிலும் பாரதியார் மக்களுக்குப் பழக்கமான கதைகளையே எடுத்துக்கொண்டார். 1909-இல் வந்த ஒரு படத்தில் காந்தி பசுவாகவும், தென்னாப்பிரிக்காவின் டிரான்ஸ்வால் அரசு புலியாகவும் காட்டப்பட்டனர். சொன்ன சொல் தவறாமல் புலியிடம் திரும்பி வந்த பசுவின் கதையை அறிந்தவருக்கு, அந்தப் படத்தில் யார் பக்கம் நியாயம் என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஆனால், இந்தத் துணிச்சலுக்கு விலை இருந்தது. 1908-இல் அரசு இதழின் மீது நடவடிக்கை எடுத்தது. பதிவேட்டில் ஆசிரியராக இருந்தது மு. சீனிவாசனின் பெயர். அதனால் அவர் கைதாகி 5 ஆண்டுச் சிறைத் தண்டனை பெற்றார். பாரதியாரோ பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றுவிட்டார். ‘இந்தியா’ அங்கிருந்து மீண்டும் வெளிவந்தது. பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் அது நுழைவதை அரசு தடுத்தது. வாசகர்களைச் சென்றடைய முடியாமல் 1910-இல் இதழ் நின்றது. படங்களுக்கென்றே ‘சித்ராவளி’ என்ற இதழை நடத்தவும் பாரதியார் திட்டமிட்டிருந்தார்.

பத்து ஆண்டுகள் புதுச்சேரியில் வறுமையோடு வாழ்ந்த அவர், 1918-இல் வெளியேறியபோது கடலூரில் கைது செய்யப்பட்டு, பின்னர் விடுதலையானார். 1920-இல் மீண்டும் ‘சுதேசமித்திரன்’ பணியில் சேர்ந்தார். 1921 செப்டம்பரில் மறைந்தபோது அவருக்கு வயது 38.

மாணவர்களே, இன்று கைப்பேசியிலேயே சில நிமிடங்களில் ஒரு முகப்பை உருவாக்கிவிடலாம். பள்ளி ஆண்டு மலருக்கோ பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரவை இதழுக்கோ அட்டை வடிவமைக்கும் வாய்ப்பு உங்களுக்கும் வரலாம். எந்த நிறம், எந்த எழுத்துரு என்று தேடுவதற்கு முன், இதைப் பார்ப்பவர் யார், அவருக்கு நாம் சொல்ல விரும்பும் ஒரே செய்தி என்ன என்று முடிவு செய்யுங்கள். அந்த வேலையைப் பாரதியார் முதலில் செய்தார். சிவப்புத் தாளும் படமும் அதற்குப் பிறகே வந்தன.